இடது ஓரத்தில் மங்கல்

கடையில் அவளுக்கு நொட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளம் போடும் நாளில் மட்டும் வெளியே வரும். இந்தப் பெயரை வைத்தவர் முதலாளி. வைத்த அன்று அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நொட்டை சொல்லத்தானே சார் சம்பளம் குடுக்கறீங்க, பின்ன பாராட்டு விழாவா நடத்துவேன்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கேட்டதில் தப்பில்லை. அது பழைய கேமரா லென்ஸ்களை வாங்கி, பிரித்துத் துடைத்து, பழுது பார்த்து, புதுசு மாதிரி ஆக்கி விற்கும் கடை. முன்னால் கண்ணாடி அலமாரிகள் வைத்த விற்பனை அறை. நடுவில் ஜன்னல் இல்லாத சோதனை அறை. கடைசியில் பழுது பார்க்கும் மேஜை. மேஜையிலிருந்து வருகிற ஒவ்வொரு லென்ஸும் நடு அறையில் இவள் கையில் விழுந்து எழுந்துதான் முன்னறைக்குப் போக வேண்டும். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் பாஸ். சிவப்பு ஒட்டினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். வாங்குகிறவர்கள் கடையின் பெயரைப் பார்த்து வாங்கவில்லை, அந்தப் பச்சையைப் பார்த்து வாங்கினார்கள். அது அவளுக்கும் தெரியும். அதில் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அவள் லென்ஸ் பார்க்கிற அழகே தனி. முதலில் காதருகே வைத்து மெதுவாக ஆட்டுவாள். உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. பிறகு ஒரு பக்கம் டார்ச் அடித்து மறு பக்கம் கண்ணை வைப்பாள். உள்கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தால் ஒட்டடை மாதிரி தெரியும். நாலு தூசிக்கு மன்னிப்பு உண்டு, பூஞ்சைக்குக் கிடையவே கிடையாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, வளையத்தைத் திருப்பும்போது எங்கேயாவது இடறுகிறதா என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பலகை. சோதனை அறையை அடுத்த சரக்கு அறையிலிருந்து பிரிப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. அதன் மேல் கறுப்பு வெள்ளைக் கோடுகள் அச்சடித்த பெரிய தாளை ஒட்டியிருந்தார்கள். அதைத்தான் கடையில் பலகை என்பார்கள். எதிரே ஸ்டாண்டில் ஒரு கேமரா. லென்ஸை அதில் மாட்டி, கோடுகளைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, நடுவிலும் ஓரங்களிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கோடு கோடாகத் தெரிந்தால் லென்ஸ் பிழைத்தது.

கடையில்தான் இப்படி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், சுவரில் மாட்டிய படம் கோணலாக இருந்தால், காப்பி வருவதற்குள் எழுந்து நேராக்கிவிட்டு வந்து உட்காருவாள். தையல்காரர் அவளைத் தெருமுனையில் கண்டாலே கடைக்குள் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மகா பொறுமைசாலி. "ஏர்றதும் எறங்கறதும் நான் தினம் பாக்கறதுதான். அவ கோபமும் தானா எறங்கிடும்" என்பார். பாதி நாள் இறங்கவும் இறங்கும்.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கொழுந்தன் அரைக்கால் சட்டையில் இருந்தான். மாமனார் மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்திருந்த வீடு. அவன் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா, பல் தேய்த்தானா, கணக்கைப் போட்டானா, போட்ட கணக்கு சரியா என்று பார்த்ததெல்லாம் அவள்தான். கணக்கு தப்பென்றால் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வாள். அவன் அழுதுகொண்டே போடுவான். போட்டு முடித்து "அண்ணி, இப்ப பாருங்க" என்று கொண்டுவந்து நீட்டுவான். வளர்ந்து கடிகாரக் கடை, செல்போன் கடை என்று எங்கெங்கோ இருந்து பார்த்தான். எங்கும் ஒட்டவில்லை. ஆனால் கை நல்ல கை. கடுகளவு திருகாணியைக் கீழே போடாமல் எடுத்து வைக்கிற கை. அவள்தான் அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "என் பொறுப்பு சார்" என்று பழுது மேஜையில் உட்கார வைத்தாள். இப்போது அவனுக்குக் கல்யாணமாகி, மாடி அறையில் குடித்தனம். மனைவி மாசமாக இருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று லென்ஸ்களுக்கு இடது ஓரம் மங்க ஆரம்பித்தது.

ஒன்று வந்தது. நடுவில் பளிச்சென்று இருந்தது, வலது ஓரமும் சரி, இடது ஓரத்தில் மட்டும் கோடுகள் கலங்கின. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இம்மி சாய்ந்து உட்கார்ந்தாலும் இப்படி வரும். சிவப்பு ஒட்டி அனுப்பினாள். சரி செய்து திரும்பி வந்தது. மறுபடி இடது ஓரம். அடுத்த லென்ஸ், அதிலும் இடது ஓரம். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"தம்பி, நீ கண்ணாடியை எப்படி உக்கார வெக்கற? எல்லாம் ஒரே பக்கமா சாயுது."

"இல்ல அண்ணி, நல்லாத்தான் இருக்கு. எங்கிட்ட பின் ஜன்னல் இருக்குல்ல, எதிர்ல செங்கல் சுவர். அதைப் படம் எடுத்துப் பாத்தேன், ஓரம் வரைக்கும் சுத்தமா இருக்கு. நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"செங்கல் சுவரைப் பாத்துப் பாஸ் பண்ணறதா இருந்தா எனக்கு எதுக்குச் சம்பளம்? பலகையில சரியா வரணும். அவ்வளவுதான்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். ஒரு லென்ஸை மட்டும் என்ன செய்தானோ, மூன்றாம் முறை கொண்டுவந்தபோது பலகையில் அட்சரம் பிசகாமல் இருந்தது. "பாத்தியா, வேலை செஞ்சா வருதுல்ல" என்று பச்சையை ஒட்டி முன்னறைக்கு அனுப்பினாள். அவன் சிரிக்கவில்லை. அதையும் அவள் திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு அந்தப் பெரிய ஜூம் லென்ஸ் வந்தது. கை நழுவி விழுந்த லென்ஸை மலிவாக வாங்கி, உதிரி பாகம் மாற்றி, கொழுந்தன் பல நாள் மெனக்கெட்டு நிமிர்த்தியிருந்தான். கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் அதை ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். நொட்டை பலகையில் பார்த்தாள். இடது ஓரம் மங்கல். திருப்பி அனுப்பினாள். வந்தது. மங்கல். அனுப்பினாள். வந்தது. அதே மங்கல். ஸ்கிரீனை ஓங்கி ஓர் அறை அறையலாமா என்று வந்தது அவளுக்கு.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இவனுக்கு வேலை தெரியலையா, இல்ல உனக்குக் கண்ணு தெரியலையா? ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும்."

கண் தெரியவில்லையா என்று யாரைப் பார்த்து என்ன வார்த்தை. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. அன்றைக்கு அரை நாள் லீவு போட்டு, பஸ் ஏறி, கண் டாக்டரிடம் போனாள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை மடமடவென்று வாசித்தாள். வாசித்ததோடு விடவில்லை, பலகைக்கு மேல் இருக்கிற விளக்கு ஒரு பக்கமாக எரிகிறது என்று டாக்டருக்கே நொட்டை சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் காலை நேரே முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"கண்ணு கச்சிதமா இருக்காம் சார். வேணும்னா டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கங்க."

"சந்தோஷம்மா" என்றார் முதலாளி. "அப்ப தப்பு யார்கிட்டன்னு நான் இனிமே யோசிக்க வேண்டாம். நாளைக்கு அந்த ஜூம் லென்ஸ் பச்சை வாங்கினா இருக்கட்டும். வாங்கலைன்னா உன் கொழுந்தனை நீயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."

தன் கண்ணைக் காப்பாற்றுவதற்காகப் போனவள் அவன் கழுத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கொழுந்தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, நாளைக்குப் பலகையில பாக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என் ஜன்னலுக்கு வாங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

"திரும்பத் திரும்ப அந்தச் சுவரையே சொல்லி என் உயிரை வாங்காதே தம்பி. உன் சுவர் எவ்வளவு தூரத்துல இருக்கு, எவ்வளவு வெளிச்சம், ஒரு கணக்கு இருக்கா? பலகைக்குக் கணக்கு இருக்கு."

அவன் கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு ஸ்டிக்கர்தானே. பச்சையா ஒட்டிடேன். கூடப் பொறந்தவன். மேல புள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கா."

"ஒரு ஸ்டிக்கர்தானேன்னு நீங்க லிஃப்ட்டுக்குச் சொல்வீங்களா? கயிறு கொஞ்சம் நைஞ்சிருக்கு, பரவாயில்ல ஏறுங்கன்னு?"

கணவர் அதோடு வாயை மூடிக்கொண்டார். அவளுக்கோ அவர் இன்னும் நாலு வார்த்தை பேசிச் சண்டை போட்டிருக்கலாம் என்று இருந்தது. சண்டை போட்டிருந்தால் தோற்றாவது போயிருக்கலாம்.

மறுநாள் லென்ஸை மாட்டிப் பலகையைப் படம் எடுத்தாள். இடது ஓரம் மங்கல். ஸ்டாண்டை இறுக்கிவிட்டு எடுத்தாள். மங்கல். கேமராவின் விசையைத் தொட்டால் ஆடுகிறதோ என்று ரிமோட்டில் எடுத்தாள். மங்கல். விளக்கைத் திருப்பி எடுத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள், லென்ஸைக் கழற்றி மாட்டி எடுத்தாள். எப்படி எடுத்தாலும் அந்தப் பாழாய்ப்போன ஓரத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டுதான் நின்றன. பச்சைச் சுருளையும் சிவப்புச் சுருளையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பைக் கிழித்து ஒட்டினாள்.

கொழுந்தன் தன் ஸ்குரூ டிரைவர்களை மட்டும் ஒரு துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, நடு அறையைத் தாண்டிப் போனான். அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து மாடியிலிருந்து யாரும் கீழே காப்பிக்கு வரவில்லை. இவள் கொடுத்தனுப்பினால் டம்ளர் கழுவித் திரும்பி வந்தது.

அந்த வாரக் கடைசியில் கல்யாணப் படக்காரர் வந்தார். ஜூம் லென்ஸ் கேட்டு வந்திருக்கிறார் என்று பார்த்தால், போன மாதம் வாங்கிய வேறொரு லென்ஸை மேஜை மேல் வைத்தார். நொட்டையின் பச்சை ஸ்டிக்கர் அதில் இருந்தது. கொழுந்தன் மூன்றாம் முறை திருத்திக் கொண்டுவந்து, அவள் மெச்சி ஒட்டிய அதே லென்ஸ்.

"குரூப் போட்டோவுல இடது பக்கம் நிக்கறவங்க எல்லாம் மசமசன்னு விழறாங்கம்மா. பொண்ணோட சித்தப்பா என்னை அடிக்காத குறை. நீங்க பாத்துத்தான் குடுத்தீங்களா?"

"நான் பாக்காம இங்கிருந்து ஒரு மூடி கூட வெளியே போகாது" என்று அவள் வெடுக்கென்று எழுந்தாள். "வாங்க, உங்க கண் முன்னாடியே காட்டறேன்."

ஸ்டாண்டில் மாட்டிப் பலகையைப் படம் எடுத்தாள். ஓரத்துக்கு ஓரம் கத்தி மாதிரி இருந்தது. "இதுல எங்க மசமசன்னு இருக்கு, சொல்லுங்க" என்றாள். அவரும் சளைத்தவர் இல்லை. கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், இவள் பின்னாலேயே போனாள். தெருவுக்கு எதிர்ப்புறம் வரிசையாக ஜன்னல்கள் வைத்த நீளமான கட்டடம். அதைப் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். இடது பக்கத்து ஜன்னல்களில் கம்பியே தெரியவில்லை, கஞ்சி மாதிரி இருந்தது.

அவள் கேமராவை வாங்கி இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். உள்ளே ஓடிப் போய்ச் சிவப்பு ஒட்டி வைத்திருந்த ஜூம் லென்ஸை எடுத்து வந்தாள். மாட்டினாள். அதே ஜன்னல்களை எடுத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு கம்பியும் எண்ணிவிடலாம் போல நின்றது.

"இதுதானே நான் கேட்டிருந்த லென்ஸ்? அபாரமா இருக்கே. ஏன் சிவப்பு ஒட்டியிருக்கு?" என்றார் அவர்.

அவள் மறுபடி நடு அறைக்குப் போய், ஜூம் லென்ஸோடு கேமராவை ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டினாள். லென்ஸில் கோளாறு என்றால் கேமரா கவிழும்போது மங்கலும் பலகையின் மறு பக்கத்துக்குப் போய்விட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் காலையில் இப்படி ஒருமுறை செய்து பார்ப்பாள். ஒருநாளும் எதுவும் வராததால் எப்போதோ விட்டுவிட்டாள். லென்ஸ்தான் தப்பு செய்யும், பலகை செய்யுமா என்ன. படம் எடுத்தாள். மங்கல் நகரவில்லை. பலகையின் இடது ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

நீளமான இரும்பு ஸ்கேலை எடுத்துத் தாளின் மேல் வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் பிளைவுட் ஒரு விரல் அளவுக்கு முன்னால் புடைத்துக்கொண்டிருந்தது. தடுப்புக்குப் பின்னால் சரக்கு அறைக்கு ஓடினாள். முதலாளி புதிதாக வாங்கிய டிரைபாட் ஸ்டாண்டுப் பெட்டிகள் அந்த இடத்தில் கூரை வரை அடுக்கப்பட்டு, தடுப்பின் மேல் சாய்ந்து கிடந்தன. புடைத்த பலகையில் சரியான லென்ஸுக்கு அந்த ஓரம் மங்கலாகத்தான் விழும். கொழுந்தன் அவள் தொல்லை தாங்காமல் ஒரே ஒரு லென்ஸை அந்தக் கோணல் பலகைக்கு ஏற்றாற்போலக் கோணலாக்கிக் கொடுத்திருக்கிறான். அதற்குத்தான் அவள் பச்சை ஒட்டி, வேலை செய்தால் வருகிறதல்லவா என்று புத்தி சொல்லியிருக்கிறாள். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால், முட்டுவதற்கும் பக்கத்தில் அந்தத் தடுப்புதான் இருந்தது.

முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். அவர் பெட்டிகளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெட்டியை அடுக்கத்தான் சொன்னேன். பலகை மேல சாய்க்கவா சொன்னேன்?" என்றார்.

"யார் சாய்ச்சாலும் சரி சார். அவன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. நான் சொன்னது எல்லாம் தப்பு. அவனைத் திரும்பக் கூப்பிடணும். இல்லைன்னா நானும் நாளையிலிருந்து வரலை."

"அட, இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு? திங்கட்கிழமை வரச் சொல்லு" என்றார் அவர், ஏதோ குடை மறந்துவிட்டுப் போனவனைக் கூப்பிடுகிற மாதிரி.

அவளே பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். பிளைவுட் நிமிர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் மாடி ஏறினாள். கொழுந்தன் கட்டில் மேல் யாருடைய செல்போனையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். மனைவி சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தவள், இவளைப் பார்த்ததும் எழுந்துகொள்ள முயன்றாள். "நீ உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு நொட்டை நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். பலகை, பெட்டி, எதிர்க் கட்டடத்து ஜன்னல், முதலாளி சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. "என் மேலதான் தப்பு தம்பி. உன் மேல ஒரு பொட்டு இல்ல" என்று முடித்தாள்.

அவன் கையிலிருந்த திருகாணியைப் பத்திரமாக ஒரு மூடியில் வைத்தான்.

"பலகை சாஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க. அதுக்கு எனக்குக் கோபம் இல்ல" என்றான். குரலில் உண்மையாகவே கோபம் இல்லை. "ஜன்னலுக்கு வந்து பாருங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். உங்க நாற்காலியிலிருந்து பத்து அடி. அதுக்கு வர முடியலை. கண் டாக்டர்கிட்ட பஸ் ஏறிப் போனீங்க."

வழியெல்லாம் கூட்டிக் கழித்து வைத்திருந்ததில் இதற்குப் பதில் இல்லை. அவன் மறுபடி செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டான். "திங்கட்கிழமை வந்துடறேன் மேடம்" என்றான்.

அவன் மனைவி சட்டென்று தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

கீழே வந்தபோது கணவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பலகைதான் தப்பாமே, உங்க கடையிலிருந்து போன் வந்தது. அவன் வரேன்னானா?"

"வரேன்னான்."

"அப்பாடா. எல்லாம் சரியாப் போச்சு."

"ஒண்ணும் சரியாப் போகலை" என்று அவள் கத்தினாள். என்ன சரியாகவில்லை என்று அவர் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார், இரண்டு தடவை கேட்டார். அவள் வாயைத் திறந்து, மூடி, அடுப்படிக்குள் போய்விட்டாள். மேடம் என்று கூப்பிட்டுவிட்டான் என்று சொன்னால், வேலை பார்க்கிற இடத்தில் அப்படித்தானே கூப்பிடுவார்கள், இதில் என்ன இருக்கிறது என்பார் அவர்.